எதுல வந்தே என்று கேட்காத வீடு

1

நேற்று சாயங்காலம் என் மகள் மாலதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, கோட்டைக்கூடக் கழற்றாமல், சமையலறை வாசலில் நின்று என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தாள். இங்கிலீஷில்தான். "அப்பா, இனிமேல் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் எதில் வந்தாய், எது வழியாக வந்தாய் என்று கேட்காதே. அதான் வந்துவிட்டேனே, அது போதாதா?"

அவளுக்குப் பின்னால் அவளுடைய தோழி ஒருத்தி நின்றிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேன். பதின்மூன்று வயசுப் பெண்ணிடம், அதுவும் அந்நியப் பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு, வேறு என்ன சொல்வது?

இன்று என் அப்பாவுக்குத் தலைத் திவசம். நூம்பலில் தங்கை தனம் வீட்டில் முறைப்படி செய்திருப்பார்கள். இங்கிலாந்தின் வடக்கு மூலையில் இருக்கிற இந்த மில் டவுனில் திவசம் கொடுக்க ஐயரும் இல்லை, இறங்கி முழுக ஆறும் இல்லை. இருக்கிற ஒரே ஆறு சாயப் பட்டறைக்குப் பின்னால் ஓடுகிறது. அதில் காலை நனைக்கவே யோசிக்க வேண்டும். என் மனைவி சரோஜா வடை சுட்டு, பாயசம் வைத்து, காக்காய்க்கு ஒரு உருண்டை சோறு கொல்லைப்புறச் சுவரில் வைத்தாள். ஒரு காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. குண்டுப் புறா ஒன்று வந்து தின்றுவிட்டுப் போயிற்று. அப்பாவாக இருந்தால் அதையும் எதுல வந்தே என்று கேட்டிருப்பார்.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவே நடந்து போனால் வருவது எங்கள் நூம்பல். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அப்பாதான் முதலில் சேற்றிலிருந்து காலை எடுத்தவர். பாடியில் ஒரு பாக்டரி கேண்டீனில் அடுப்படி வேலை அவருக்கு. விடிவதற்கு முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதுரவாயல் ஏரிக்கரைமேல் போவார். போய் அடுப்பு மூட்டினால்தான் முதல் ஷிப்டுக்கு டீ.

மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து ரோடுகளை நம்ப முடியாது. ஏரி உடைத்துக்கொள்ளும், கூவம் பெருகினால் திருவேற்காட்டுத் தரைப்பாலம் முழுகிவிடும். எந்த வழி திறந்திருக்கிறது என்பது வந்தவனைக் கேட்டால்தான் தெரியும். அதனால் வீட்டு வாசலில் யார் தலை தெரிந்தாலும் அப்பா கேட்பது ஒரே கேள்வி.

"இன்னா, எதுல வந்தே?"

பஸ்ஸில் என்று சொன்னால் விடமாட்டார். "எது வழியா? பாடி சுத்திக்கினு வந்தியா, நேரா வந்தியா? மதுரவாயலாண்ட தண்ணி கீதா?" இத்தனையும் கேட்டு முடித்த பிறகுதான் குடிக்கத் தண்ணீர். மழை இல்லாத கோடையிலும் கேட்பார். அவர் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்பார்கள். சௌக்கியமா என்று கேட்பதெல்லாம் டவுன் பேச்சு. எங்களுக்கு எதுல வந்தே என்பதுதான் வா, உட்கார், இளைத்துவிட்டாயே, எல்லாமும்.

தனத்தைப் பெண் பார்க்க அம்பத்தூரிலிருந்து கோபாலும் அவன் அப்பாவும் வந்தபோதுகூட அப்படித்தான். நல்ல அடைமழை. மாப்பிள்ளைப் பையன் முழங்காலுக்குக் கீழே சேறாக நிற்கிறான். உள்ளே அம்மா சொம்பும் கையுமாகத் தவிக்கிறாள். அப்பா வாசலை மறித்துக்கொண்டு விசாரணை நடத்துகிறார்.

"சைக்கிள்லதான் வந்தோம், திருவேற்காடு வழியா" என்றார் கோபாலின் அப்பா.

"தரைப்பாலத்து மேல?"

"முட்டிக்கால் தண்ணி. பையன்தான் ரெண்டு சைக்கிளையும் ஒண்ணொண்ணா தூக்கிக்கினு வந்தான்."

அப்பா உள்ளே திரும்பி அம்மாவிடம், "பொண்ணை இட்டுக்கினு வா. முடிச்சிடலாம்" என்றார். அவ்வளவுதான் சம்பந்தம் பேசியது. அம்மா போன பிறகு தனமும் அவனும்தான் அப்பாவைப் பார்த்துக்கொண்டார்கள். இன்றுவரைக்கும் அந்தக் கோபால் தங்கமான பிள்ளை.

மாலதிக்கு ஆறு வயசாக இருந்தபோது ஒரு முறை ஊருக்கு அழைத்துப் போனேன். அப்பா அவளையும் விடவில்லை. குந்தி உட்கார்ந்து முகத்துக்கு நேரே, "எதுல வந்தே கண்ணு?" என்றார். அவள், "ஏரோப்ளேன்ல வந்தேன், டாக்ஸில வந்தேன், பஸ்ல வந்தேன் தாத்தா, வழியில மாடு பாத்தேன்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அப்போது அவளிடம் தமிழ் இருந்தது. அப்பா ஊரெல்லாம் போய் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு ஒன்றே ஒன்றுதான். சாவு வீடு. அங்கே வருகிறவனை வா என்று கூப்பிடமாட்டார்கள், எதில் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள், புறப்படுகிறவனும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட வேண்டும்.

3

இங்கே நான் சேர்ந்தது பஸ் கண்டக்டர் வேலையில். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கினவன் நான். அந்த இங்கிலீஷ் டிப்போ வாசலிலேயே இறங்கிக்கொண்டது.

முதல் வாரமே ஒரு பாட்டியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாள். மார்க்கெட் 'டில்' இந்த பஸ்ஸில் வந்து, அங்கிருந்து 'பை வாக்' போங்கள் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம் பக்கத்தில் வாத்தியார்களே பை வாக் என்றுதான் சொல்வார்கள். 'பை' போட்டால் பஸ் வரலாம், ரயில் வரலாம், கப்பல்கூட வரலாம், நடை மட்டும் வரக்கூடாதாம். நடக்கிறவன் 'ஆன்' போட்டுத் தன் பாதத்தின்மேல் ஏறிப் போகவேண்டும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவன் பஸ்ஸின்மேல் இருக்கிறான், அதற்கும் 'ஆன்'. நம் ஊரில் பஸ்ஸின்மேல் இருப்பது கீரைக்கட்டும் கோழிக்கூடையும்தான். காரில் போகிறவன் மட்டும் உள்ளே, அவனுக்கு 'இன்'. ஏன் இப்படி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது, தோளைக் குலுக்குகிறார்கள்.

ஸ்டாப் வந்தால் நான் 'கெட் டவுன்' என்று கத்துவேன். என் வண்டி டிரைவர் ஆல்பர்ட் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "இதோ பாரப்பா, இதெல்லாம் சண்டைக் காலத்தைப் பார்த்த கிழங்கள். நீ 'கீழே படு' என்று கத்தினால் மேலே குண்டு விழுகிறது என்று சீட்டுக்கு அடியில் படுத்துவிடுவார்கள்" என்றான். நல்லவன்தான். ஆனால் அதை டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நமக்கு ஒரு 'ல' போதும். பஸ்ல, ரயில்ல, ரோட்டுல, மழையில, பாதி வழியில. இவர்களுக்கு வழிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, நிற்பதற்கு ஒன்று, தாண்டுவதற்கு ஒன்று. பத்து வருஷத்துக்கு மேல் இவற்றோடு மல்லுக்கட்டினேன்.

பிறகு கண்டக்டரே இல்லாத வண்டிகள் வர ஆரம்பித்தன. டிரைவரே டிக்கெட் கொடுத்துவிடுவான். எங்களில் சிலரை விசாரணை ஜன்னலில் உட்காரவைப்பதாகப் பேச்சு. அதற்கு ஒரு பரீட்சை. அதிகாரி எதிரில் உட்கார்ந்து இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்பார், தப்பில்லாமல் சொல்லவேண்டும். போன வருஷம் அதற்காக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக மாலதிதான் எனக்கு வாத்தியார்.

சமையலறை மேஜையில் உப்பு டப்பாவை டிப்போ என்பாள், மிளகாய்த்தூள் டப்பாவை ஆஸ்பத்திரி என்பாள், ஒரு ஸ்பூன் பஸ்ஸாக ஓடும். 'த்ரூ' என்றால் என்ன என்று நான் விழித்தபோது, இரண்டு டம்ளருக்கு நடுவே ஸ்பூனை விட்டு மறுபக்கம் எடுத்தாள். "ஊருக்குள் நுழையும், நிற்காது, அந்தப் பக்கமாக வெளியே வந்துவிடும். புரிகிறதா அப்பா?" புரிகிறது என்றேன். புரியவில்லை. ஆனால் என் மகள் என் எதிரில் உட்கார்ந்து என்னோடு அவ்வளவு பேசினது அந்தச் சில வாரங்கள்தான். தப்புத் தப்பாகச் சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவாள் என்று சில சமயம் வேண்டுமென்றே தப்புச் சொன்னேன்.

பரீட்சைக்கு முன்னால் தந்தி வந்துவிட்டது.

4

"அப்பா சீரியஸ், உடனே புறப்படு" என்று கோபால் பெயரில் தந்தி.

நம் ஊரில் இப்படி ஒரு தந்தி வந்தால், பிரித்தவன் பிரித்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்வான். என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் இங்கே இருந்ததில் இங்கிலீஷை இங்கிலீஷாகவே படிக்கப் பழகிவிட்டேன். சீரியஸ் என்றால் உடம்பு மோசமாக இருக்கிறது, ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தால் பார்த்துவிடலாம் என்று நம்பினேன்.

டிப்போவில் லீவு கேட்டபோது பரீட்சை போய்விடுமே என்றார்கள். போகட்டும் என்றேன். சரோஜாவுக்கும் மாலதிக்கும் டிக்கெட் எடுக்க வழியில்லை. நான் மட்டும் பம்பாய்வரை விமானத்தில் போய், அங்கிருந்து மெட்ராஸ் மெயிலைப் பிடித்தேன். வழி நெடுக எனக்கு ஒரே வேலை. அப்பா எதுல வந்தே என்று கேட்டால் சொல்லவேண்டிய பதிலைத் தயார் செய்துகொண்டே வந்தேன். சின்ன வயசில் மனப்பாடச் செய்யுளைச் சொல்லிப் பார்ப்பேனே, அந்த மாதிரி ஜன்னலோரம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பம்பாய் வரைக்கும் ஏரோப்ளேன்ல நைனா. பம்பாய்லேர்ந்து மெயில்ல. அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் வழியா சென்ட்ரல். சென்ட்ரல்லேர்ந்து பூந்தமல்லி பஸ்ல.

அவர் குறுக்குக் கேள்வி போடுவார் என்பதும் தெரியும். "ஆவடி வழியா வந்தவன் ஆவடியிலயே எறங்கிக்கினு வர்றதுதானே? எதுக்குடா மெட்ராஸ் வரைக்கும் போய்ட்டு திரும்பி வர்றே?" அதற்கும் பதில் வைத்திருந்தேன். "மெயில் ஆவடியில நிக்காது நைனா."

நிற்கத்தான் இல்லை. ஆவடி வந்தது, போனது. அம்பத்தூர் வந்தது. பிளாட்பாரத்தில் டிபன் டப்பாவோடு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் தொழிலாளிகள் லோக்கலுக்குக் காத்திருந்தார்கள். கோபால்கூட அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். இறங்கி ஒரு சைக்கிள் கிடைத்தால் திருவேற்காடு வழியாக வீட்டுக்குப் போய்விடலாம். கதவருகில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி என் ஊருக்குள் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே போய்விட்டது. மாலதியின் ஸ்பூன் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வேலப்பன்சாவடியில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது நல்ல வெயில். நிறுத்தத்துக்கு எதிரே காதர் பாயின் சைக்கிள் கடை. எனக்கு அரைப் பெடல் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர். போன தடவை வந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே, "இன்னா தம்பி, பாரீஸ் கார்னர்லேர்ந்தா சென்ட்ரல்லேர்ந்தா?" என்று கத்தினவர். இந்தத் தடவை என்னைப் பார்த்தார். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பெட்டியை வாங்கித் தன் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கூடவே நடந்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆறு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷர் என்று நினைத்தேன். "பாய், நைனாவுக்கு எப்பிடிக் கீது?" என்றேன். "ஊட்டாண்ட போயிடலாம் தம்பி" என்றார். சைக்கிளை இன்னும் வேகமாகத் தள்ளினார்.

கிணற்றடியில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுக் குடத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் கயிற்றுக் கட்டிலைச் சுவரோடு செங்குத்தாகச் சாத்தி வைத்திருந்தார்கள். பட்டப்பகலில் உள்ளே விளக்கு எரிந்தது. தனம் வாசலுக்கு வந்தாள். தலை விரிந்து கிடந்தது. என்னைப் பார்த்தாள். வாண்ணா என்று சொல்லவில்லை. எதுல வந்தே என்று கேட்கவில்லை.

புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் என் வாய் நிற்கவில்லை. வழி நெடுகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். யாரும் கேட்காமலே, சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எவனும் செய்யாத காரியத்தைச் செய்தேன். "ஏரோப்ளேன்ல வந்தேன் தனம். பம்பாய்லேர்ந்து மெயில்ல. ஆவடி வழியா" என்றேன். காதர் பாய் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

தனம் ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சொன்னதையே எடுத்து ஒப்பாரி வைத்தாள்.

"ஏரோப்ளேனு ஏறி வந்தே, எங்கண்ணா!
பம்பாயி தாண்டி வந்தே, எங்கண்ணா!
ஆவடி வழியா வந்தே, அம்பத்தூரு பாத்து வந்தே,
எதுல வந்தேன்னு கேட்ட வாயி
கூவத்தாங் கரையில வெந்து போச்சே, எங்கண்ணா!"

கிணற்றடியிலிருந்து வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் வந்த வழியை ஊர் முழுக்கச் சொல்லி அழுதது. அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

கோபால் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தந்தி குடுத்த அன்னிக்கே போய்ட்டாரு மச்சான். செத்துட்டாருன்னு குடுத்தா, அவ்ளோ தூரம் தனியா நீங்க இன்னா பண்ணுவீங்க? அதான் சீரியஸ்னு குடுத்தேன். ரெண்டு நாள் வெச்சிப் பாத்தோம். அப்பால நான்தான் கொள்ளி வெச்சேன்" என்றான். தங்கமான பிள்ளை என்றேனே, தப்பில்லை.

கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று தனத்தைக் கேட்டேன்.

"பூந்தமல்லிலேர்ந்து டாக்டர் வந்தாருண்ணா. கண்ணைத் தொறந்து அவரப் பாத்து, எதுல வந்தீங்க ஸார்னாரு. அதான் கடசி."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"அவரு எங்க சொன்னாரு? நாடியப் புடிச்சிக்கினு வாட்சைப் பாத்துக்கினு இருந்தாரு."

டாக்டர் ஸ்கூட்டரில் வந்திருந்தாராம், குமணன்சாவடி வழியாக. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்த மனுஷர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவர் வேலையைத்தான் அவர் பார்த்தார் என்று தெரியும். தெரிந்தும் தீரவில்லை.

5

கருமாதி முடித்துத் திரும்பி வந்தேன். மொட்டைத் தலையை மறைக்கக் கம்பளித் தொப்பி. விசாரணை ஜன்னலில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். எனக்கு டிப்போவுக்குள் பஸ் கழுவும் வேலை. அங்கே யாரும் வழி கேட்பதில்லை, அதனால் 'இன்'னும் 'ஆன்'னும் மறந்துபோய்க்கொண்டிருக்கின்றன. மாலதிக்குப் புதுப் பள்ளிக்கூடம், புதுத் தோழிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜையில் உப்பு டப்பா உப்பு டப்பாவாகத்தான் இருக்கிறது.

ஊரிலிருந்து வந்த நாளாக அவள் வாசலில் நுழையும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பு அப்படிக் கேட்டவனில்லை நான். அப்பா இருந்தவரை அது அவர் கேள்வி. அவர் போன பிறகு எப்படியோ என் வாய்க்கு வந்துவிட்டது. அவளுக்கு அது தொல்லையாக இருந்திருக்கும், பாவம். தமிழில் கேட்கிற கேள்வி, தோழிகள் எதிரில். அதனால்தான் நேற்றுச் சரி என்று சொன்னேன்.

இன்று வாக்கைக் காப்பாற்றிவிடுவதென்று இருந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசல் கதவு திறந்தது. தனியாகத்தான் வந்தாள். கோட்டுத் தோள்களில் மழை. கூடத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சரோஜா உள்ளே இருந்தாள். மாலதி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் நிம்மதியாகக் கோட்டை மாட்டிவிட்டு மாடிப்படியில் கால் வைத்தாள். பகல் வெளிச்சத்திலேயே விளக்கு, வந்தவளை வா என்று யாரும் சொல்லவில்லை, எதில் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எழுந்து படிக்கட்டுக்கு ஓடினேன்.

"எதுல வந்தே கண்ணு?"

பாதிப் படியில் நின்று திரும்பினாள். "அப்பா! நேற்றுத்தானே சொன்னேன்?" என்றாள் இங்கிலீஷில். கடகடவென்று ஏறிப்போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸில்தான் வந்திருப்பாள். மார்க்கெட் வழியாகத்தான் வந்திருப்பாள், இந்த நேரத்துக்கு வேறு வண்டி கிடையாது. பதில் வராவிட்டால் போகிறது. நான் கேட்டுவிட்டேன். இது சாவு வீடு இல்லை.